மரம் வெட்டுதலும் ‘டாப்’ என்னும் ஆங்கில வினையும்

தைப்பிங் வட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வழங்கிவந்த தொடர் ஒன்று உண்டு. விடியுமுன் வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு புறப்படும் ஒருவரை எங்கே செல்கிறீர் என்று வினவினால், ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்பதே விடையாக வரும். தஞ்சையிலிருந்தோ மதுரையிலிருந்தோ புதிதாக வந்த ஒருவர் இதனைக் கேட்டால், அம்மனிதர் கோடரியால் மரத்தைச் சாய்க்கச் செல்கிறார் என்றே கொள்வார். ஆனால் அவர் வெட்டிய மரம் மறுநாளும் நிற்கும்; இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வெட்டிய பின்னும் நிற்கும். மரத்தைச் சாய்ப்பதைக் குறிக்கும் ஒரு வினை, மரத்தைச் சாகவிடாமல் அதனிடம் பயன்கொள்ளும் தொழிலுக்குப் பெயரானது எவ்வாறு?

இதே தொழிலைத் தோட்டத் துரைமார் ‘டாப்’ என்னும் ஆங்கில வினையாற் குறித்தனர். (உச்சி என்று பொருள்படும் ‘டாப்’ வேறு சொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் வேறு.) குழாயைக் குறிப்பதும், மெல்லத் தட்டுவதைக் குறிப்பதும், தொலைபேசியை ஒட்டுக்கேட்பதைக் குறிப்பதும், ரப்பர் மரத்திற் பால் எடுப்பதைக் குறிப்பதும் இவ்வொரு சொல்லே. ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் இதனைக் கண்டு மயங்குவதில் வியப்பில்லை. வரலாற்றை அறிந்தால் அம்மயக்கத்திற் பாதி நீங்கும். ஏனெனில் இது ஒரு சொல்லன்று. ஒரே உருவிற் கலந்துவிட்ட இரு சொற்கள்.

முதலாவது சொல் பழைய ஆங்கிலத்திலேயே உள்ளது. அங்கு அது பெயர்ச்சொல். மதுவோ வேறு நீர்மமோ நிரம்பிய மரப்பீப்பாயின் துளையை அடைத்து நிற்கும் முளைக்கு அப்பெயர். ஜெர்மானியம், டச்சு முதலிய இனமொழிகளிலும் இச்சொல் அதே பொருளுடன் உண்டு. அம்முளையைப் பிடுங்கி உள்ளிருப்பதை வெளியே ஓடவிடுதல் அப்பெயரினின்று பிறந்த வினைப்பொருள். பிற்காலத்தில் முளையின் இடத்தைத் திருகுகுழாய் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்று வீட்டில் நீர் வரும் குழாய்க்கும் அதுவே பெயராயிற்று.

தமிழாசிரியர் மகிழத்தக்க செய்தி ஒன்று இவ்விடத்து உண்டு. செடியின் நடுவே நேர்கீழாக இறங்கும் தடித்த வேரை ஆங்கிலத்தில் ‘டாப்ரூட்’ என்பர். இங்கும் அந்தப் பீப்பாய் முளைதான். அடிபருத்து நுனி கூர்த்த அதன் வடிவமே வேருக்குப் பெயரைத் தந்தது. நாம் அதனை ஆணிவேர் என்கிறோம். ஒருவரை ஒருவர் பாராத இரு மக்கள், மண்ணுக்குள் இறங்கும் வேரைப் பார்த்து, ஒருவர் முளை என்றனர். மற்றவர் ஆணி என்றனர். கருத்து ஒன்றே.

இரண்டாவது சொல், மெல்லத் தட்டுதல் என்னும் பொருளுடையது. இது பிரெஞ்சு மொழியினின்று இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. முளைக்கும் இதற்கும் உறவில்லை. கதவைத் தட்டுவதும், தோளைத் தட்டுவதும், காலால் தாளம் தட்டி ஆடுவதும் இதன்பாற்பட்டன. நம்மவருள் சிலர், இச்சொல் தமிழின் ‘தப்பு’ என்னும் பறையினின்றும், துணி தப்புதல் என்னும் வழக்கினின்றும் சென்றதாக எழுதி மகிழ்வர். இவ்வகை மகிழ்ச்சியிற் பயனில்லை. தட்டும் ஓசையைச் செவியாற் கேட்டு அவ்வாறே நாவாற் சொல்லும் மொழிகள் உலகிற் பல. ஓசை ஒத்தமையால் உறவு அமைந்துவிடாது.

முளைப்பொருளுடைய முதற்சொல்லே நம் தோட்டங்களுக்கு வந்தது. அது பீப்பாயை விட்டு மரத்துக்கு ஏறியது ரப்பருக்கு முன்னரே நிகழ்ந்தது. வட அமெரிக்காவில் மேப்பிள் என்னும் மரத்தின் அடியில் துளையிட்டு, அதிற் சிறு குழல் செருகி, இனிப்புச் சாற்றைக் கலத்தில் ஏந்துவர், காய்ச்சிப் பாகாக்குவர். துளை, குழல், ஒழுகும் சாறு ஆகிய மூன்றும் பீப்பாயை அப்படியே நினைவூட்டுவன. ஆதலின் அங்கு அவ்வினை பொருத்தமாகவே பொருந்தியது. மருத்துவர் உடலிற் கட்டிய நீரை ஊசி செலுத்தி வாங்குவதற்கும் அதனையே வழங்கினர். 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பி வந்தபோது, வழியிலே கம்பியைத் தொட்டுப் பிறர் செய்தியைக் களவாக வாங்குவதும் அப்பெயரே பெற்றது. பின்னர் அது தொலைபேசிக்கு வந்தது. எங்கும் உட்கருத்து ஒன்றுதான்: ஓரிடத்தில் அடைபட்டிருப்பதை, வேண்டுபவன் தன்பக்கம் ஒழுகச் செய்துகொள்ளுதல். கவனிக்க வேண்டியது யாதெனின், இவ்வினை செய்பவன் கையைப் பார்ப்பதில்லை. பெறுபவன் கலத்தைப் பார்க்கிறது.

ரப்பர் மரத்தின் கதையை நம் மாணவரும் அறிவர். 1876ஆம் ஆண்டு வேக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டினின்று கொண்டுசென்ற விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றின் வழிவந்த நாற்றுகள் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில், ஆங்கில ஆட்சியாளரான இயூ லோவின் இல்லத்தருகே நடப்பட்டன. தைப்பிங்கினின்று மலைவழியைக் கடந்தால் ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் உள்ளது அவ்வூர். அங்குப் பாதுகாக்கப்பட்டுவரும் முதுமரத்தை இவ்வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவிற் கண்டிருப்பர்.

மரம் வந்த அன்றே தொழில் வந்துவிடவில்லை. பிரேசிற் காடுகளில் சிறு கைக்கோடரியால் அடிமரத்திற் கொத்திப் பால் எடுத்தனர். கொத்து ஆழமாக விழுந்தால் மரம் புண்பட்டுக் கரடுமுரடாகும். சில ஆண்டுகளில் அவ்விடத்திற் பால் எடுத்தல் இயலாது. காட்டில் மரங்கள் எண்ணற்றவை. ஒன்று கெட்டால் மற்றொன்று. நட்டு வளர்த்த தோட்டத்துக்கு அம்முறை ஆகாது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்த இரிட்லி இதற்கு வழி கண்டார். புதிது புதிதாகக் கொத்துவதை விடுத்து, ஒருமுறை இட்ட சாய்ந்த கோட்டின் கீழ்விளிம்பிலேயே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் பால் மீண்டும் ஒழுகும். நாட்கள் சிலவற்றில் முன்னிலும் மிகுதியாகவே ஒழுகும். மேலே சீவப்பட்ட இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து வரும். இதுவே அவர் கண்டது. தோட்டக்காரரை விடாமல் நச்சரித்து ரப்பர் நடச்சொன்னமையால் அவரைப் பித்தர் என்று நகையாடினர். நூறாண்டு வாழ்ந்து 1956இல் மறைந்த அவர், மலாயா முழுவதும் தம் பித்து பரவியதைக் கண்டே சென்றார்.

ஆக, துளையிட்டுக் குழல் செருகும் தொழிலன்று இது; சீவும் தொழில். இருந்தும் ஆங்கிலேயர் தமக்குப் பழகிய பீப்பாய் வினையையே இதற்கும் இட்டனர். தமிழர் செய்தது யாது?

தமிழரிடம் இதற்கு நெருங்கிய தொழிற்சொல் ஒன்று முன்னரே இருந்தது. தென்னையிலும் பனையிலும் பாளையைச் சீவிக் கள் எடுப்பதைக் கள் இறக்குதல் என்பது நம் வழக்கு. ஆங்கிலேயர் அதனையும் ‘டாப்’ என்றே சொல்லிவந்தனர். அவ்வகையில் ரப்பருக்கும் ‘பால் இறக்குதல்’ என்று வந்திருக்கலாம், வரவில்லை. காரணம் எளிது. இறக்குதல் உயரத்தினின்று கீழே கொணர்தல். மரமேறிக் கலயத்தோடு இறங்குபவனுக்கே அச்சொல் பொருந்தும். ரப்பர் மரத்தில் ஏறுவாரில்லை. தரையில் நின்று, இடுப்பளவிலோ நெஞ்சளவிலோ கத்தியை இழுப்பதே வேலை. பொருந்தாச் சொல்லைத் தொழிலாளி ஒதுக்கினான். இதில் அவனுக்கு எந்தப் புலவரும் துணைநிற்கவில்லை.

‘வெட்டு’ எங்கிருந்து வந்தது என்பதற்கு இவ்வட்டாரத்து வரலாறே குறிப்புத் தருகிறது. தைப்பிங்கிற்கு வடமேற்கேயுள்ள கிரியான் மாவட்டத்தில் ரப்பருக்கு முன்னே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தமிழ்த் தொழிலாளர் அங்குக் கரும்பு வெட்டினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு நீங்கி ரப்பர் வந்தபோது, கத்தி பிடித்த கை அதுவே, கூலிக்கு நிறுத்தியவரும் அவரே. கரும்பு வெட்டு பால் வெட்டாயிற்று என்று எண்ண இடமுண்டு. ஆயினும் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. கரும்பையே காணாத தோட்டங்களிலும், கடல் கடந்து இலங்கையிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும் ‘பால் வெட்டு’ என்றே வழங்குகின்றனர். மலையாளத்திலும் ரப்பருக்கு ‘வெட்டு’ உண்டு. கள்ளுக்கோ அங்குச் ‘செத்து’, அதாவது செதுக்குதல், என்னும் வேறு சொல். கத்தி மரத்திற் படுவதை நேரிற் கண்டவர்க்கு இச்சொல் தானே வாய்த்திருக்கலாம்.

அண்டை மொழிகளையும் ஒப்புநோக்குதல் நன்று. சிங்களர் ‘கிரி கபனவா’ என்பர். பால் வெட்டுதல் என்பதே அதன் பொருள். மலாய்க்காரர் ‘தோரே’ என்பர். கீறுதல் என்று பொருள். சீனர் ரப்பரை அறுத்தல் என்பர். வியட்நாமியர் மழித்தல், சுரண்டுதல் என்னும் பொருளுடைய சொல்லை ஆள்வர். ஆனால் அதே வியட்நாமில் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் இதனைக் குருதி வடித்தல் என்றனர். பிரேசிலின் போர்த்துகீசிய மொழியிலும் அப்பொருளே. கத்தி பிடித்த ஆசிய மக்கள் பலரும் கத்தியின் செயலைச் சொன்னார்கள். பாலுக்குரியவர்கள் ஒழுகும் பொருளைச் சொன்னார்கள்; சிலருக்கு அது மதுவாகவும் சிலருக்குக் குருதியாகவும் தோன்றிற்று. இந்தோனேசியர் மட்டும் விலக்கு. அவர்தம் ‘சாடாப்’ என்னும் வினை பனைச்சாற்றுக்கும் ரப்பருக்கும் தொலைபேசி ஒட்டுக்கேட்டலுக்கும் பொதுவாக நின்று, ஆங்கிலத்தோடு அடியொற்றிச் செல்கிறது.

‘பால் வெட்டு’ என்னும் தொடரின் இலக்கணமும் நோக்கத்தக்கது. மரம் வெட்டு என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. மரத்தை வெட்டுதல் என விரியும். பால் வெட்டு என்பதைப் பாலை வெட்டுதல் என விரிக்க முடியுமா? பாலைக் கத்தியால் வெட்டுவாரில்லை. பாலுக்காக மரத்தை வெட்டும் வெட்டு என்றே விரித்தல் வேண்டும். நான்காம் வேற்றுமையின் உருபும் பயனும் தொக்கு நிற்கின்றன. ‘வெட்டு’ இங்கு முதனிலைத் தொழிற்பெயர். இதே உரு, ஒருமை ஏவலும் ஆகும். துரைமாருக்காக எழுதப்பட்ட தமிழ்க் கைந்நூல் ஒன்றுக்கு ‘இங்கே வா’ என்றே பெயர் இருந்தது. வேலை வாங்குவோர் முதலிற் கற்றவை ஏவல் வினைகளே என்பதற்கு அப்பெயரே சான்று. ‘வெட்டு’ என்னும் ஒரு சொல் துரையின் வாயில் ஏவலாகவும், தொழிலாளியின் வாயில் தொழிலின் பெயராகவும் இரண்டு வாழ்வு வாழ்ந்தது.

இனி அத்தொழிலைச் சற்று அருகிருந்து காண்போம். இச்சொல்லின் நயம் அங்கேதான் விளங்கும்.

ரப்பர் மரத்திற் பால் மரத்தின் உள்ளே நிரம்பியிருப்பதன்று. பட்டையின் உட்பகுதியில் மிக நுண்ணிய குழல்கள் உள்ளன, அவற்றிலேதான் பால். அக்குழல்களை அடுத்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்த்தோல் ஒன்று உண்டு. கத்தி பட்டையோடு நின்றால் பால். உயிர்த்தோலைத் தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பல ஆண்டு கழித்து அப்பக்கத்தை மீண்டும் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. இரண்டுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரினும் சிறிதே மிகுதி. ஒவ்வொரு முறையும் எடுக்கும் சீவலின் கனமும் ஏறக்குறைய அவ்வளவே. விளக்கொளியில், எழுந்து ஓரிரு மணி நேரமே ஆன கையால், 400, 500 மரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வளவு நுட்பம் காக்கவேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் கங்காணியின் ஏச்சு.

கோடும் மனம்போனபடி இடப்படுவதன்று. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் செல்லும். பாற்குழல்கள் நேர்மேலாக நில்லாமல் சற்றே வலமாகச் சாய்ந்து ஏறுகின்றன; ஆதலின் இச்சாய்வில் வெட்டினால் மிகுதியான குழல்கள் திறக்கும். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கினால் குழல்களின் உள்ளழுத்தம் தளரும், பால் குறையும். உயிர்நூல் பயிலாத தாய்மார் இதனை ‘வெயில் வந்தால் மரம் பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். அறிவியலுக்கு மிகத் தொலைவில் உள்ள கூற்றன்று அது.

ஆங்கில வினைக்கும் ஒரு நியாயம் கூறியே ஆகவேண்டும். வெட்டிய கோட்டில் இரண்டொரு மணி நேரம் பால் ஓடிய பின், அது தானே உறைந்து குழல்களின் வாயை அடைத்துக்கொள்ளும். மறுமுறை வெட்ட வருபவர் முதலில் செய்வது, கோட்டின்மேல் நாடாபோல் ஒட்டியிருக்கும் அவ்வுறைந்த பாலை இழுத்து உரித்தெடுப்பதே. அதன் பின்னரே கத்தி. பீப்பாய் முளையைப் பிடுங்குவதும் இதுவும் ஒன்றல்லவா? இரிட்லி கண்ட முறையின் உயிர் இங்கே இருக்கிறது: புதுத்துளை இடாமல் பழைய வாயையே நாள்தோறும் திறத்தல். அச்சொல்லை முதலில் இட்டவர் இதனை எண்ணி இட்டிரார் எனினும், தொழில் வளர்ந்து சொல்லுக்குப் பொருத்தம் தேடித்தந்தது.

இவ்விரு வினைகளின் வேறுபாடு ஏட்டில் மட்டும் நின்றதன்று, கூலியிலும் நின்றது. தைப்பிங் மழைக்குப் பேர்போனது. லாருட் மலையடியில் அமைந்த இவ்வூரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். சென்னை பெறுவதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு. மழை எப்போது விழும் என்று பந்தயம் கட்டுவோரும் இவ்வூரில் இருந்தனர் என்பர். ஊராருக்கு விளையாட்டு, தோட்டத்துக்கு அதுவே வினை. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டின் வழி ஓடாமல் அடிமரமெங்கும் வழியும். ஆதலின் ஈர மரத்தை வெட்டுவதில்லை. வெட்டி முடித்தபின் மழை கொட்டினாலோ மங்குகள் நிரம்பி வழிந்து, பால் மண்ணோடு போகும்.

அன்றைய கணக்கு யாது? ‘வெட்டியாயிற்று’ என்பான் தொழிலாளி. அவன் சொல்லின்படி வேலை முடிந்தது. கையின் செயல் நிறைவெய்திவிட்டது. பால் நிறுக்கும் கொட்டகையிலோ வேறு வினை ஆட்சி செய்கிறது. அங்கு ‘டாப்’ என்பதற்குக் கலத்தில் வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதே பொருள். எடை மட்டுமன்றிப் பாலில் நீரின் அளவையும் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியிட்டுப் பார்த்துக் கிராணி எழுதுவார். 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணன் தலைமையில் தோட்ட முதலாளிகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளில், ரப்பர் விலையும் கொணர்ந்த பாலின் எடையும் கூலியோடு பிணைந்திருந்தன. கூலி கைக்கா, கலத்துக்கா என்னும் வழக்கு நெடுநாள் நின்றது. மழை நாளில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுவதும் மூட்டாததும், வெட்டு, டாப் ஆகிய இவ்விரண்டில் எதன்படி கணக்கு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்திருந்தது.

இப்போது ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகிவிட்டன. தமிழர் பலர் தோட்டத்தை விட்டு நகரங்களுக்கும் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்துவிட்டனர். செம்பனைக்கும் ‘குலை வெட்டு’ என்றே பெயர் அமைந்தது. வெட்டு அங்கே நேர்ப்பொருளிலேயே நிற்கிறது, நுட்பம் வேறு. செய்தித்தாள்களிலும் அலுவலக ஏடுகளிலும் ‘பால் வடிப்பு’ என்னும் தொடர் இடம்பெற்று வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துச் செய்திகளில் அதனைப் பெரிதும் காணலாம். நாகரிகமான சொல்தான். ஆயினும் வடிதல் பாலின் வினை. வடித்தல் என்றாலும் சோற்றுக் கஞ்சியை வடிப்பதே நினைவுக்கு வரும். கத்தியும் காயமும் விலகிப்போகின்றன. தமிழில் எழுதிக்கொண்டே ஆங்கிலத்தின் கலத்தைப் பார்க்கும் சொல் அது. கொச்சை என்று கருதிப் பால் வெட்டை விலக்கி இதனை எழுதுவோர், எது கொச்சை என்பதை மறுமுறை எண்ணிப்பார்த்தல் நலம். மாணவர் கட்டுரையில் ‘அப்பா மரம் வெட்டினார்’ என்று வந்தவிடத்துச் சிவப்பு மை இட்டுத் திருத்திய ஆசிரியர்களும் அக்காலத்தில் இல்லாமலில்லை.

இன்றைய பிள்ளைக்கு ‘டாப்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது இரயில் நிலையத்தில் அட்டையைக் கருவியின்மேல் வைப்பதும், கைப்பேசித் திரையைத் தொடுவதுமே. இவை இரண்டும் தட்டுதல் என்னும் பிரெஞ்சு வழிச் சொல்லைச் சேர்ந்தவை, பீப்பாயைச் சேர்ந்தவையல்ல. ஆங்கில வகுப்பில் இவ்வினையை நடத்தும் ஆசிரியர் கரும்பலகையில் இரு பத்தியாகப் பிரித்து எழுதலாம். ஒரு பக்கம் தட்டு, தொடு. மறுபக்கம் குழாய், ஆணிவேர், ஒட்டுக்கேள், கள் இறக்கு, பால் வெட்டு. ஆங்கிலம் ஒரு சொல்லால் சொல்வதற்குத் தமிழ் ஐந்து சொல் வைத்திருக்கிறது. கடைசிச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் அகராதியிற் கிடைப்பது அரிது; வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் பாட்டிமாரைக் கேட்டுவரச் சொன்னால் மறுநாளே கிடைக்கும், கோடு எந்தப் பக்கம் சாயும் என்பதும் சேர்த்து.